மூன்று வாரம் நிற்கும் ஊசி

பென்சத்தீன் பென்சிலின் என்ற பெயரைச் சொன்னால் பெரும்பாலானோருக்குப் புரியாது. "இருபத்தோரு நாள் ஊசி" என்று சொன்னால், இதய வால்வு கெட்டுப்போன பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு உடனே புரியும். இடுப்புக்குக் கீழே பிட்டத்தில் ஆழமாகப் போடும் ஊசி அது. போட்ட காலை இரண்டு நாளைக்கு ஊன்ற முடியாது. மருந்துக்கடைக்காரர் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை வைத்து "ஆறா, பன்னிரண்டா, இருபத்துநாலா?" என்று கேட்பார். அவர் கேட்பது எத்தனை லட்சம் யூனிட் என்று.

1950களின் தொடக்கத்தில் வந்த இந்த மருந்துக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ ஆன்டிபயாடிக்குகளைப் பாக்டீரியாக்கள் பழகித் தோற்கடித்துவிட்டன. ஆனால் இந்த ஊசியின் இரண்டு முக்கிய எதிரிகளான தொண்டையில் தங்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸும் சிபிலிஸ் நோயின் டிரெபோனிமாவும் இன்றுவரை பென்சிலினுக்குப் பணிந்தே போகின்றன. எதிர்ப்புசக்தி பெற்ற வகை எதுவும் நோயாளிகளிடம் பரவவில்லை. மருத்துவ வரலாற்றில் இதற்கு நிகரான நீண்ட வெற்றிகள் மிகச் சில. அப்படிப்பட்ட மருந்து கடையில் கிடைக்காமல் போவதும், கிடைத்தாலும் போடுவதற்கு மருத்துவர்கள் தயங்குவதும், போட்டாலும் அடுத்த தவணைக்கு நோயாளி வராமல் போவதும்தான் இன்றைய நிலை. கிருமியிடம் தோற்காத மருந்தை நம்முடைய அலட்சியத்தால் இழந்துகொண்டிருக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

பென்சிலினின் பெரிய குறை, உடலில் தங்காமல் ஓடிவிடுவது. 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற காவலருக்கு முதன்முதலாக அந்த மருந்து தொடர்ச்சியாக ஏற்றப்பட்டது. முகமெல்லாம் சீழ்பிடித்து ஒரு கண்ணை இழந்திருந்தவர், சில நாட்களில் எழுந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். கையிருப்பு தீர்ந்தது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி அவருக்கே செலுத்தினார்கள். அதுவும் போதவில்லை. மார்ச்சில் அவர் இறந்துபோனார். சிறுநீரகம் இந்த மருந்தை எவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது என்பதற்கு அவருடைய சிறுநீரே சாட்சி. ரத்தத்தில் உள்ள பென்சிலின் ஏறத்தாழ அரைமணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. அதனால் ஆரம்பகாலத்தில் மூன்று மணி, நான்கு மணிக்கு ஒருமுறை இரவும் பகலும் ஊசி குத்த வேண்டியிருந்தது.

எப்படியாவது அதை உடலுக்குள் நிறுத்திவைக்கப் பலரும் முயன்றார்கள். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் மன்ரோ ரொமான்ஸ்கி, தேன்மெழுகையும் கடலை எண்ணெயையும் கலந்து அதில் பென்சிலினைக் குழைத்து ஊசியாகப் போட்டார். ஒருநாள் வரை நின்றது. ஆனால் குளிரில் அது உறைந்துபோகும். ஊசியைச் சூடாக்கி, ஈரமில்லாமல் துடைத்து, மெழுகு அடைத்துக்கொள்வதற்குள் குத்த வேண்டும். பிறகு புரோகெய்ன் என்ற மரப்பு மருந்தோடு பென்சிலினைச் சேர்த்தார்கள். வலியும் குறைந்தது, நாளுக்கு ஒரு ஊசி போதும் என்றும் ஆனது. அமெரிக்காவின் வைத் நிறுவன ஆய்வகம் 1951-இல் அடுத்த படிக்குப் போனது. பென்சத்தீன் என்ற ஒரு மூலக்கூறின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பென்சிலின் மூலக்கூற்றைப் பிணைத்தார்கள். கிடைத்த உப்பு தண்ணீரில் கரையவே அடம்பிடித்தது. அவர்களுக்கு வேண்டியிருந்ததும் அந்த அடம்தான்.

சர்க்கரையை வாயில் போட்டால் கணத்தில் கரைந்துவிடும், கற்கண்டு நெடுநேரம் நிற்கும். தசைக்குள் ஆழமாக இறங்கும் இந்த மருந்தும் கற்கண்டின் வழியில்தான் போகிறது. பால்போன்ற கலங்கலாக உள்ளே போய், நுண்ணிய படிகங்களாகத் தசையில் தங்கிவிடுகிறது. அதன் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய, பிணைப்பு விட்டுப்போய்ச் சாதாரண பென்சிலின் ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் வழக்கம்போல் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும், படிகக் குவியலும் புதிதாகத் தந்துகொண்டே இருக்கும். இப்படி இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை ரத்தத்தில் பென்சிலின் இருந்துகொண்டே இருக்கும்.

ஆனால் மிகக் குறைந்த அளவில்தான் இருக்கும். இந்த மருந்தைப் புரிந்துகொள்ள இது முக்கியம். நிமோனியாவோடு மூச்சுத்திணறி வருபவருக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் இந்த ஊசியால் பயனில்லை. அங்கே மருந்து நிறையவும் உடனடியாகவும் வேண்டும். மூளைத் தண்டுவட நீரில் இது போதிய அளவு சேர்வதில்லை. ஆகவே சிபிலிஸ் மூளையைத் தாக்கியிருந்தால் சாதாரண பென்சிலினை ரத்தநாளம் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். கொஞ்சமான மருந்துக்கே மடிந்துவிடும், ஆனால் நெடுநாள் அடக்கிவைக்க வேண்டிய கிருமிகள்தான் இதன் இலக்கு. அப்படிப்பட்ட நோய்கள் எண்ணிக்கையில் சில. பாதிக்கப்பட்டவர்களோ கோடிக்கணக்கில்.

முதலாவது ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைக்குத் தொண்டை வலி வருகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த அந்த வலி, வந்த வேகத்திலேயே போயும்விடுகிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்ததில் சரியாகிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்குகிறது. அது வடிந்ததும் கணுக்கால், பிறகு முழங்கை என்று வலி இடம் மாறிக்கொண்டே போகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவல்படை, அந்தக் கிருமியின் சாயல் கொண்ட தன் சொந்தத் திசுவையே தாக்குவதால் வரும் வினை இது. மூட்டு வீக்கம் தடமில்லாமல் மறைந்துவிடும். இதய வால்வில் விழும் தழும்பு மறையாது. ஒவ்வொரு புதிய தொண்டைத் தொற்றும் அந்தத் தழும்பின் மேல் இன்னொரு தழும்பைச் சேர்க்கிறது. கடைசியில் வால்வு தடித்துச் சுருங்கி, திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நிற்கிறது.

பல பெண்களுக்கு இது முதன்முதலில் தெரியவருவது கர்ப்பகாலத்தில்தான். அப்போது உடலில் ஓடும் ரத்தத்தின் அளவு ஏறத்தாழ பாதி அளவுக்குக் கூடிவிடுகிறது. குறுகிய மைட்ரல் வால்வால் அந்தப் பெருக்கைத் தாங்க முடியாது. ஆறு மாதம் வரை நன்றாக இருந்தவள் ஏழாம் மாதத்தில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குவாள். சிறுவயதில் ஒருமுறை முட்டி வீங்கியது என்று தாய் அப்போதுதான் நினைவுகூர்வாள். தாய்சேய் நலப் பிரிவில் பணியாற்றிய எந்த மருத்துவருக்கும் இந்தக் கதை புதிதல்ல.

2015-ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கீட்டின்படி 3.34 கோடி பேர் ருமாட்டிக் இதயநோயோடு வாழ்ந்தார்கள், அந்த ஆண்டில் ஏறத்தாழ 3.19 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில். பணக்கார நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளிடமும் நியூசிலாந்தின் மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளிடமும் மட்டும் இன்னும் கடுமையாக இருக்கிறது. நெரிசலான வீடும் ஏழ்மையும் இருக்கும் இடத்தில்தான் இது வேரூன்றும். தமிழ்நாட்டிலும் நோய் குறைந்துதான் வந்திருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 2001-02-இல் கிராமப்புறப் பள்ளிகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்தபோது ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே நோய் இருந்தது. ஆனால் அது ஸ்டெதாஸ்கோப்பை முதல் கருவியாகக் கொண்ட காலம். கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிப்பிள்ளைகள் எல்லாருக்கும் எக்கோ என்ற ஒலியலை இதயப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. காதால் கேட்டுக் கண்டுபிடித்ததைவிடப் பத்து மடங்கு பிள்ளைகளுக்கு வால்வில் கோளாறு இருந்தது அதில் தெரிந்தது.

ஒருமுறை நோய் வந்தவருக்கு மறுபடி தொண்டைத் தொற்றே வராமல் தடுத்தால் வால்வைக் காப்பாற்றலாம். நியூயார்க் மருத்துவர் ஜீன் ஸ்டாலர்மன் 1952-இலேயே இந்த ஊசியை அதற்குப் பயன்படுத்திக் காட்டினார். பின்னர் மாத்திரையாகத் தரும் பென்சிலினோடும் சல்ஃபா மருந்தோடும் ஒப்பிட்டபோது, ஊசி போட்டவர்களுக்கு நோய் திரும்புவது மிகக் குறைவாக இருந்தது. காரணம் எளிது. நோய்க்குறியே இல்லாத பிள்ளைக்குப் பத்தாண்டு காலம் தினம் இரண்டு வேளை மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்க எந்த வீட்டாலும் முடியாது. ஊசியானால் போட்டதா இல்லையா என்பது நர்சுக்குத் தெரியும், அட்டையில் பதிவாகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் நாடுகளிடையே வேறுபாடு இருக்கிறது. அமெரிக்காவில் நான்கு வாரம், நம் நாட்டில் மூன்று வாரம். தைவானில் பன்னிரண்டு ஆண்டுகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டவர்களிடம் நோய் திரும்புவது தெளிவாகக் குறைந்திருந்தது. நான்காம் வாரத்தில் ரத்தத்தில் உள்ள மருந்து பலருக்கு வேண்டிய அளவுக்குக் கீழே போய்விடுகிறது. நோய் நிறைய உள்ள ஊரில் அந்த ஒரு வாரம் திறந்த கதவு. முப்பது கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஆறு லட்சம் யூனிட், அதற்கு மேல் பன்னிரண்டு லட்சம். இதயம் பாதிக்கப்படாதவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு அல்லது பதினெட்டு வயது வரை, வால்வு கெட்டுவிட்டால் நாற்பது வயது வரை அல்லது ஆயுள் முழுதும். பத்து வயதில் தொடங்கும் சிறுமி நாற்பது வயது வரை ஐந்நூறு ஊசிக்கு மேல் போட்டுக்கொள்ள வேண்டிவரும். பரீட்சை, கல்யாணம், புகுந்த வீடு, பிள்ளைப்பேறு என்று எல்லாவற்றுக்கும் நடுவே இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறோம். தவணை தவறுவதை நோயாளியின் அசட்டை என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

அந்த உழைப்புக்குப் பலன் உண்டு என்பதற்கு வலுவான சான்று உகாண்டாவிலிருந்து வந்தது. எந்த அறிகுறியும் இல்லாமல் எக்கோவில் மட்டும் கோளாறு தெரிந்த 818 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் ஊசி போடாதவர்களில் 8.2 விழுக்காட்டினருக்கு வால்வு மேலும் கெட்டிருந்தது, போட்டவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே. வால்வு மாற்றும் அறுவைக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் லட்சங்களைத் தருகின்றன. அந்த அறுவையே வேண்டாமல் செய்யும் ஊசியை ஊர் சுகாதார நிலையத்தில் எப்போதும் இருக்கச் செய்வது அதைவிட எத்தனையோ மடங்கு மலிவு.

முதல் தொண்டை வலியிலேயே ஒரே ஊசியில் கிருமியை அழித்துவிட்டால் ருமாட்டிக் காய்ச்சலே வராது. கோஸ்டாரிகாவும் கியூபாவின் பினார் டெல் ரியோ மாநிலமும் அந்த வழியில் போய் நோயை வெகுவாகக் குறைத்தன. சிக்கல் என்னவென்றால் பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது, அதற்கு இந்த ஊசி வீண். பிரித்தறிய விரைவுப் பரிசோதனை வேண்டும். நம் ஊர் கிளினிக்குகளில் அது அரிது.

அடுத்தது சிபிலிஸ். நம் பாட்டன்மார் மேகநோய் என்று அடக்கிப் பேசிய நோய். டிரெபோனிமா மிக மெதுவாகப் பெருகும் கிருமி, ஒருமுறை பிரிய முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பிரியும் தருணத்தில்தான் பென்சிலின் அதைக் கொல்லும். ஆகவே மருந்து ஒரு வாரத்துக்கு மேலாவது இடைவிடாமல் ரத்தத்தில் இருந்தாக வேண்டும். அளவு குறைந்தாலும் பரவாயில்லை, இடைவெளி மட்டும் விழக்கூடாது. இந்த ஊசிக்காகவே அமைந்த நோய் என்று தோன்றும். தொடக்க நிலையில் 24 லட்சம் யூனிட், இரு பக்கமும் பிரித்து, ஒரே தடவை. நாட்பட்டதென்றால் வாரம் ஒன்றாக மூன்று. முதல் நாள் இரவு சிலருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். மடியும் கிருமிகள் விடும் நஞ்சால் வருவது அது, ஒவ்வாமை அல்ல. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நோயாளி அடுத்த ஊசிக்குத் திரும்பமாட்டார்.

இந்த மருந்து இருந்தும் கொடுக்காமல் விட்டதுதான் அமெரிக்க மருத்துவத்தின் தீராத பழி. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் பீடித்த 399 கறுப்பின ஆண்களை அரசு மருத்துவர்கள் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். நோய் தானாக எப்படி முற்றுகிறது என்று அறிவதற்காக. 1940களின் கடைசியில் பென்சிலின் ஊரறிந்த சிகிச்சையாகிவிட்ட பிறகும் அவர்களுக்கு அது மறுக்கப்பட்டது. செய்தி 1972-இல் பத்திரிகையில் வெளிவந்த பிறகே ஆய்வு நின்றது. 1997-இல் அதிபர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

சிபிலிஸின் கொடுமை முழுதும் இறங்குவது கருவிலிருக்கும் குழந்தையின் மேல். செத்துப் பிறக்கும், அல்லது கல்லீரல் வீங்கி, எலும்பு கெட்டு, காது கேளாமல் பிறக்கும். 2016-இல் மட்டும் உலகில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் கரு தாயிடமிருந்து சிபிலிஸைப் பெற்றது என்றும், இரண்டு லட்சம் சிசுக்கள் வயிற்றிலேயே அல்லது பிறந்த சில நாளில் இறந்தன என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் குணப்படுத்தும் என்று நிறுவப்பட்ட மருந்து பென்சிலின் ஒன்றுதான். மாற்று மருந்து தாயைத் தேற்றலாம், குழந்தையைக் கைவிட்டுவிடும். பென்சிலின் ஒவ்வாமை உள்ள கர்ப்பிணிக்குக்கூட வேறு மருந்துக்குப் போகாமல், சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கிவிட்டு இதையே போடச் சொல்கிறார்கள். கர்ப்பிணிக்கு எடுக்கும் முதல் ரத்தப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். என்று ஒரு வரி இருக்கும். அது சிபிலிஸைக் கண்டறிய என்று யாரும் விளக்குவதில்லை. முடிவு சரியில்லையென்றால் பிரசவத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்னால் இந்த ஊசி போட்டாக வேண்டும். இலங்கை இதைச் செய்து காட்டிவிட்டது. கர்ப்பிணிகளை விடாமல் பரிசோதித்து ஊசி போட்டதால், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்ற அங்கீகாரத்தை 2019-இல் பெற்றது. செல்வத்தில் பல மடங்கு பெரிய அமெரிக்காவிலோ 2022-இல் 3,700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி சிபிலிஸோடு பதிவானார்கள். பத்தாண்டுக்கு முன்பிருந்ததைப்போல் பத்து மடங்கு.

டிரெபோனிமாவின் இன்னொரு வகை உண்டாக்கும் யாஸ் என்ற தோல் எலும்பு நோய், காட்டையும் மலையையும் ஒட்டி வாழும் ஏழைப் பிள்ளைகளை உருக்குலைத்துவந்தது. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 46 நாடுகளில் ஐந்து கோடிப் பேருக்கு நீண்டநாள் பென்சிலின் ஊசிகளைப் போட்டு நோயை 95 விழுக்காடு குறைத்தன. பிறகு கவனம் சிதறியதும் சில நாடுகளில் அது திரும்பி வந்தது. இந்தியா 1996-இல் ஒடிசாவின் கோராபுட்டில் தொடங்கி, பழங்குடிக் கிராமங்களில் வீடு வீடாகத் தேடி, ஒவ்வொரு நோயாளிக்கும் அவரோடு பழகியவர்களுக்கும் ஒரே ஊசி போட்டது. 2003-க்குப் பிறகு ஒரு நோயாளிகூட இல்லை. 2016-இல் உலக சுகாதார நிறுவனம் யாஸ் ஒழிந்த நாடு என்று இந்தியாவுக்குச் சான்று தந்தது. இப்போது யாஸுக்கு அசித்ரோமைசின் மாத்திரை ஒரு வேளை போதும் என்று ஆகிவிட்டது. ஊசியை மாத்திரை நியாயமாக வென்ற இடம் இது ஒன்றுதான்.

சிறிய பயன்கள் சில உண்டு. தொண்டை அடைப்பான் நோயாளியோடு பழகியவர்களுக்குத் தடுப்பாகப் போடுவார்கள். அமெரிக்கப் படையில் சேரும் இளைஞர்களுக்குப் பயிற்சி முகாமில் போடுவதுண்டு. அந்தக் கெட்டியான மருந்துக்கு அவர்கள் வைத்த பெயர் கடலை வெண்ணெய் ஊசி. நமக்கு நெருக்கமானது யானைக்கால். வீங்கிய காலின் விரலிடுக்கில் புண் வழியாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுழைந்து, குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து கொதிக்கும். ஒவ்வொரு முறையும் வீக்கம் ஒரு படி ஏறும். தமிழ்நாட்டு மருத்துவர்களும் போலந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, இந்த ஊசியைத் தொடர்ந்து போட்டால் அந்தக் காய்ச்சல் திரும்புவது குறைகிறது என்று 2005-இல் வெளியிட்டார்கள். காலைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரமின்றி வைப்பது அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது.

இனி ஊசி போடும் மேசைக்குப் போவோம். சிக்கல்கள் பாதி அங்கேதான் இருக்கின்றன. சில நாடுகளில் மருந்து குளிர்பெட்டியில் வைத்த, நிரப்பித் தயாராக உள்ள சிரிஞ்சில் வருகிறது. நமக்குக் குப்பியில் வெள்ளைப் பொடியாக வருகிறது. நர்ஸ் அதில் ஊசிநீரை விட்டுக் கட்டியில்லாமல் குலுக்க வேண்டும். கலந்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் படிந்துவிடும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும், தடித்த ஊசி வலிக்கும். அவசரமாகத் தள்ளினால் தசை கிழிவதுபோல் நோகும், மிக மெதுவாகத் தள்ளினால் பாதியில் அடைத்துப் பிள்ளைக்கு மறுபடி ஒரு குத்து. மருந்தைக் கையில் உருட்டி அறைவெப்பத்துக்குக் கொண்டுவருவது, ஊசிநீருக்குப் பதில் மரப்பு மருந்தில் கலக்குவது, பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்துக் காலைத் தளர்த்தச் சொல்வது என்று வலியைக் குறைக்கும் கைப்பழக்கங்கள் இருக்கின்றன. பிள்ளை அடுத்த தவணைக்கு அழாமல் வருமா என்பதை அந்தக் கையே தீர்மானிக்கிறது. எந்த நிலையிலும் இதை ரத்தநாளத்தில் போடக்கூடாது. 1996-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், பிறந்த குழந்தை ஒன்றுக்கு எழுதிய அளவைப்போல் பத்து மடங்கு மருந்து வந்து, அதை ரத்தநாளத்திலும் ஏற்றினார்கள். குழந்தை இறந்தது. தசையில் கரையாமல் தங்கி நன்மை செய்யும் அதே படிகங்கள் ரத்தக்குழாயில் அடைப்பாகிவிடும்.

நம் ஊரில் இந்த ஊசிக்குப் பெரிய தடை அச்சம். "பென்சிலினா? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒவ்வாமை அதிர்ச்சி நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். ஆனால் எவ்வளவு அரிது என்பதையும் பார்க்க வேண்டும். பதினொரு நாடுகளில் 1,790 ருமாட்டிக் நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்த ஆய்வு 1991-இல் வெளிவந்தது. அதிர்ச்சி வந்தவர்கள் நால்வர், இறந்தவர் ஒருவர். பத்தாயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவு. அமெரிக்காவில் தமக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று சொல்வோர் நூற்றுக்குப் பத்துப் பேர், சோதித்துப் பார்த்தால் உண்மையில் ஒவ்வாமை உள்ளவர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

அந்த அரிய இறப்புகளிலும் சில ஒவ்வாமையால் நேர்ந்தவை அல்ல என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது. 2022-இல் அமெரிக்க இதயச் சங்கம் இதை எடுத்துச் சொன்னது. வால்வு மிகவும் சுருங்கி இதயம் தளர்ந்துபோனவருக்கு வலியாலும் பயத்தாலும் நாடியும் ரத்த அழுத்தமும் சட்டென்று சரிந்தால், அந்த இதயத்தால் மீள முடியாமல் போகலாம். ஆகவே அத்தகைய நோயாளிகளுக்கு மட்டும் ஊசியை விட்டு மாத்திரைக்குப் போவது நல்லது என்றது சங்கம். மற்றவர்களுக்கு வெறும் வயிற்றில் போடாமல், தண்ணீர் குடிக்கவைத்து, படுக்கவைத்துப் போடச் சொன்னது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, நம் மருத்துவமனைகளில் "டெஸ்ட் டோஸ்" போட்டுக் கையில் வட்டம் வரைந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோமே என்பதுதான். அந்தச் சோதனை சரியாக இருந்தும் அதிர்ச்சி வரலாம். முன்பு ஒவ்வாமை வந்ததா என்று பொறுமையாகக் கேட்பதும், தட்டில் அட்ரினலின் ஊசி தயாராக இருப்பதும், போட்ட பிறகு அரைமணி நேரம் உட்காரவைப்பதும் உயிரைக் காக்கும்.

மருந்தே இல்லையென்றால் இவை எல்லாம் வீண். 2014 முதல் 2016 வரை நடந்த ஒரு கணக்கெடுப்பில் பதில் தந்த 95 நாடுகளில் 39 நாடுகள் தட்டுப்பாடு என்றன. 2023-இல் அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு வந்து, இருப்பதைக் கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கிவைத்து, பிரான்சிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். காப்புரிமை காலாவதியான மருந்து, விலை மிகக் குறைவு, வாங்குவோர் ஏழைகள். கிருமியற்ற ஊசிமருந்து ஆலை நடத்தும் செலவோ அதிகம். லாபம் இல்லாததால் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகின. மூலப்பொருளைச் செய்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகள், பெரும்பாலும் சீனாவில். ஒன்றில் தரக்குறை கண்டு நிறுத்தினால் உலகமே தவிக்கிறது.

இந்தியா இந்த நிலைக்கு வந்திருக்க வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கைகொடுக்க, புனே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் 1955-இலேயே பென்சிலின் செய்யத் தொடங்கியது. நம் கடலூரிலும் ஸ்பிக் நிறுவனம் பென்சிலின்-ஜி ஆலை வைத்திருந்தது. சீனாவின் மலிவு விலையோடு போட்டியிட முடியாமல் அந்த உற்பத்தி நாடெங்கும் நின்றுபோனது. பூஞ்சையை வளர்த்து நொதிக்கவைக்கும் அந்தத் தொழிலறிவை ஒருமுறை கைவிட்டால் மீட்பது எளிதல்ல. அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தின்கீழ் ஆந்திராவின் காக்கிநாடா அருகே ஒரு பெரிய பென்சிலின்-ஜி ஆலை 2024-இல்தான் எழுந்தது. அங்கே வரும் மூலப்பொருளில் அதிக லாபம் தரும் மாத்திரைகளுக்குப் போனது போக, இந்த ஊசிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதே கேள்வி. அரசு முன்கூட்டியே ஆண்டுக்கு இவ்வளவு வாங்குவேன் என்று உறுதி தந்தாலொழிய எந்த நிறுவனமும் இதை விரும்பிச் செய்யாது.

2018-இல் உலக சுகாதாரப் பேரவை ருமாட்டிக் காய்ச்சலைப் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியதற்குப் பிறகு ஆராய்ச்சியும் சூடுபிடித்திருக்கிறது. ரத்தத்தில் எவ்வளவு பென்சிலின் இருந்தால் போதும் என்பதற்கு நாம் பயன்படுத்திவருவது பல பத்தாண்டு பழைய ஊகம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், உடல்நலமுள்ள இளைஞர்கள் தாமாக முன்வந்து, வெவ்வேறு அளவு பென்சிலின் உடலில் ஓடிக்கொண்டிருக்கும்போது தொண்டையில் கிருமியைத் தடவிக்கொண்டார்கள். பழைய கணக்கைவிடக் குறைந்த அளவிலேயே காப்பு கிடைக்கலாம் என்பதை அதன் முடிவுகள் காட்டுகின்றன. அது உறுதிப்பட்டால் தவணைக்கு இடையிலான நாட்களையும் புதிதாகக் கணக்கிடலாம். அதே நகரிலும் நியூசிலாந்திலும் இன்னொரு முயற்சி நடக்கிறது. பிட்டத் தசைக்குப் பதில், வயிற்றுத் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பில் ஒரு சிறு பம்ப் மூலம் மெதுவாக மருந்தை ஏற்றுகிறார்கள். அங்கிருந்து இன்னும் மெதுவாகக் கரைவதால் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும் என்ற நிலை வரும். ருமாட்டிக் காய்ச்சல் வந்த இளைஞர்கள் பலர் அதை விரும்பி ஏற்றிருக்கிறார்கள். ஆண்டுக்குப் பதினேழு குத்து, நான்காகக் குறையும். ஆனால் ஒரு தடவைக்கு வழக்கமான அளவைப்போல் பல மடங்கு மருந்து வேண்டும். அதுவும் அடைத்துக்கொள்ளாத, நிரப்பித் தயாராக வரும் சிரிஞ்சுகளில். நம் சுகாதார நிலையங்களில் இருப்பதோ பொடிக் குப்பி, அதுவும் எல்லா மாதமும் இருப்பதில்லை.